எழுபத்தைந்து கிலோ

2024 செப்டம்பர் 14, சனிக்கிழமை. நெய்வேலி நகரியத்தின் ஓரத்தில் உள்ள பல்கலைக்கழக வளாகத்தில், மண்டல மகளிர் கபடிப் போட்டிக்கு எடை பார்ப்பது காலை எட்டு நாற்பதுக்குத் தொடங்கியது. வரம்பு எழுபத்தைந்து கிலோ.

பண்ருட்டிப் பக்கத்து அரசு கலைக் கல்லூரி அணி ஏழரைக்கே வாயிலுக்கு வந்துவிட்டது. பன்னிரண்டு பேர் வரை வரலாம். வேனில் இருந்தவர்கள் ஒன்பது பேர். அவர்களோடு அணி மேலாளராக ஆதிலட்சுமி என்ற கௌரவ விரிவுரையாளரும், வேன் ஓட்டுநர் தங்கராசுவும். அனுமதிக் கடிதத்தை வாங்கிப் பார்த்த காவலர், ஒவ்வொரு பெண்ணின் அடையாள அட்டையையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்றார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் வந்த ஆண்கள் கைப்பந்து அணியின் பேருந்து, நிற்காமல் உள்ளே போனது. இவர்கள் உள்ளே போக எட்டு மணி ஆகிவிட்டது. உடை மாற்ற ஒதுக்கிய அறை பூட்டியிருந்தது. சாவி வைத்திருப்பவர் இன்னும் வரவில்லை என்றார்கள். தாழ்வாரத்தில் வைத்திருந்த தண்ணீர் கேன் காலியாக இருந்தது. பெண்கள் வேனின் திரைச்சீலையை இழுத்துவிட்டு உள்ளேயே உடை மாற்றினார்கள்.

இதற்கெல்லாம் காரணம் போன வருடம். அப்போது போட்டி நடந்தது இவர்கள் ஊர் மைதானத்தில். இறுதி ஆட்டத்தில் வளாக அணியின் தலைவி சரிதா ரெய்டு வந்தபோது, இடது கார்னரில் நின்ற அன்புக்கரசி அவள் கணுக்காலைப் பிடித்தாள். பிடியில் தவறில்லை என்று நடுவர் சொன்னார். சரிதாவின் முழங்கால் திரும்பிவிட்டது. எட்டு மாதம் அவள் ஆடவில்லை. அன்று சாயங்காலம் வளாகப் பேருந்து திரும்பும் வழியில், புளிய மரங்களுக்குப் பின்னாலிருந்து கல் வந்து இரண்டு கண்ணாடிகள் உடைந்தன. யார் எறிந்தார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை. வளாகத்தின் உடற்கல்வி இயக்குநர் சிவப்பிரகாசம் எழுதிய புகார்க் கடிதத்துக்குப் பதிலும் போகவில்லை. அந்தக் கடிதத்தின் நகல் இன்னும் அவர் கோப்பில் முதல் தாளாக இருந்தது.

ஜிம்மில் இருந்த தராசு பழுதாகிவிட்டதால், விடுதி மெஸ்ஸின் கிடங்கில் அரிசி மூட்டை நிறுக்கும் மேடைத் தராசைத் தூக்கிவந்து தாழ்வாரத்தில் வைத்திருந்தார்கள். மின்சாரப் பலகை அங்கேதான் இருந்தது. தாழ்வாரத்தின் ஒரு பக்கம் முழுக்கக் கம்பி. கம்பிக்கு வெளியே வளாகத்துப் பையன்கள் நாற்பது ஐம்பது பேர் நின்றார்கள். மறைப்பு வேண்டும் என்று ஆதிலட்சுமி கேட்டதற்கு ஒரு கிழிந்த பூப்பந்து வலையைக் கட்டிக் கொடுத்தார்கள். அது எதையும் மறைக்கவில்லை.

“கான்ட்ராக்ட் ஆளுங்க வந்துட்டாங்கடா. கேட் பாஸ் இருக்கானு பாரு” என்றான் முன்னால் நின்ற வளவன். அவன் அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் நிரந்தர ஊழியர். கூட நின்றவர்களில் பாதிப் பேருக்கும் அப்படித்தான். வந்த பெண்களில் நான்கு பேரின் அப்பாக்கள் அதே சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளர்கள். இது பையன்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் அந்தச் சொல் எங்கே படும் என்று தெரிந்திருந்தது.

முதலில் தராசில் ஏறியவள் முதலாண்டு மாணவி எழில்மதி. நாற்பத்தொன்பது கிலோ முந்நூறு கிராம்.

“இது கொசுறு. சரக்கு பின்னாடி வருது” என்றது ஒரு குரல்.

கொஞ்சம் பருமனான பெண் ஏறியபோதெல்லாம் பலாப்பழம் என்றார்கள். முழுசா தூக்கினா என்ன விலை, சுளையா எடுத்தா என்ன விலை என்று ஏலம் விட்டார்கள். போன மாதம் ஒலிம்பிக்கில் ஒரு மல்யுத்த வீராங்கனைக்கு நூறு கிராமில் பதக்கம் போனது எல்லோருக்கும் நினைவில் இருந்தது. “நூறு கிராம், நூறு கிராம்” என்று கைதட்டினார்கள். சிவப்பிரகாசம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு திரும்பவில்லை.

பல்கலைக்கழகம் அனுப்பியிருந்த பார்வையாளர் மதிவாணன், நாற்காலியில் உட்கார்ந்து எண்களை எழுதிக்கொண்டிருந்தார். அன்றைய அரையிறுதியையும் இறுதியையும் பார்த்துப் பல்கலைக்கழக அணிக்குப் பன்னிரண்டு பேரை எடுக்க வேண்டியவரும் அவர்தான். ஆடுகளத்தில் இறங்காதவர்களை எடுக்கும் வழக்கம் கிடையாது.

அரசுக் கல்லூரி அணியின் தலைவி செந்தாமரைக்கு இது மூன்றாம் வருடம், கடைசி வருடம். முதல் இரண்டு வருடமும் காத்திருப்போர் பட்டியலோடு நின்றுவிட்டாள். பல்கலைக்கழக அணியில் ஒருமுறை ஆடித் தென்மண்டலச் சான்றிதழ் வாங்கினால் காவல்துறையில் விளையாட்டு ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்கலாம். வரலாற்றுப் படிப்பில் அவளுக்கு நான்கு தாள் பாக்கி. காவல்துறை வேலை அல்லாமல் வேறு வழி எதையும் அவள் யோசித்து வைத்திருக்கவில்லை.

அவள் ஏறினாள். திரையில் 74.650. மதிவாணன் எழுதிக்கொண்டு தலையாட்டினார்.

அடுத்து அன்புக்கரசி. கம்பிக்கு வெளியே சத்தம் கூடியது. போன வருடம் பிடித்த பிடியை எல்லோரும் பார்த்திருந்தார்கள், அல்லது செல்போனில் பார்த்திருந்தார்கள். திரையில் 75.250. இறங்கி, கையிலிருந்த கயிறுகளை அவிழ்த்துவிட்டு மறுபடி ஏறினாள். அதே எண்.

சத்தம் நிற்க வெகுநேரம் ஆனது.

செந்தாமரை தராசின் அருகில் போய்க் குனிந்து பார்த்தாள். முத்திரைத் தகடு துருவேறி, ஆண்டு படிக்க முடியாமல் இருந்தது. தராசு தப்பு என்று அவள் மதிவாணனிடம் சொன்னாள். நேற்று சாயங்காலம் இருவரும் எடை பார்த்ததாகவும், அன்புக்கரசி எழுபத்து நான்கு தொள்ளாயிரம்தான் இருந்ததாகவும், ராத்திரி ஒரு வாழைப்பழத்துக்கு மேல் அவள் எதையும் தொடவில்லை என்றும் சொன்னாள். ஒரு வாழைப்பழத்தோடு படுத்தவள் காலையில் முந்நூற்றைம்பது கிராம் கூடியிருப்பது எப்படி?

எங்கே பார்த்தீர்கள் என்று சிவப்பிரகாசம் கேட்டார். முந்திரிக் கொட்டகையில் என்றதும் வெளியே சிரித்தார்கள்.

செந்தாமரையின் அம்மா வள்ளியம்மாள் அந்தக் கொட்டகையில் முந்திரி உடைக்கிறவர். உடைத்த பருப்பின் எடைக்குத்தான் கூலி. ப்ளஸ் டூ படிக்கும்போது விடுமுறையில் அம்மாவோடு போய் உட்கார்ந்திருந்த செந்தாமரை, ஒரு நாள் முத்திரை போட்ட ஐந்து கிலோ கல்லை மளிகைக் கடையிலிருந்து இரவல் வாங்கிவந்து, எல்லோர் முன்னாலும் கொட்டகைத் தராசில் வைத்தாள். அது நாலு கிலோ எழுநூறு காட்டியது. பெண்கள் இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. முதலாளி புதுத் தராசு வாங்கி வைத்தார். அன்றிலிருந்து ஊரில் எதன் எடையில் சந்தேகம் வந்தாலும் செந்தாமரையைக் கூப்பிடுவார்கள். நேற்று அவர்கள் எடை பார்த்தது அந்தப் புதுத் தராசில்.

பூட்டிய அறையும், காலிக் கேனும், வாயிலில் நின்ற அரை மணி நேரமும் அவளுக்கு ஒரே வரிசையாகத் தெரிந்தன. தராசு அந்த வரிசையில் கடைசி.

மதிவாணன் அவளைத் தனியாக அழைத்தார். அவர் கெட்டவரில்லை, வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்று நினைப்பவர். “உன் எடை சரியா இருக்கு. பேரை எழுதிட்டேன். ஒரு பொண்ணு போனா எட்டுப் பேர் இருக்கீங்க, ஆடலாம். எதுக்கும்மா இதை இழுக்கறே?”

“வுடுக்கா” என்றாள் அன்புக்கரசி. “நீ போய் ஆடு. நான் உக்காந்துகினு பாக்கறேன்.”

செந்தாமரை விடவில்லை. இடது கார்னர் இல்லாமல் அரையிறுதியில் வளாக அணியோடு ஆடினால் பத்து நிமிடம் தாங்காது என்று அவளுக்குத் தெரியும். தோற்கிற அணியில் தன்னைப் போன்ற ரெய்டரை யாரும் பட்டியலில் எழுதுவதில்லை என்பதும் தெரியும். அதற்கு மேல், வளவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பு இருந்தது.

“எங்களுக்குத் தராசு தெரியும் சார். முத்திரைக் கல்லு கொண்டாந்து வெச்சுப் பாருங்க. கல்லு பொய் சொல்லாதுங்க.”

சிவப்பிரகாசம் உடனே ஒத்துக்கொண்டார். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, தராசில் பிழை எந்தப் பக்கம் இருந்தாலும் அதைத் திருத்தி இரண்டு அணியினரின் எடையையும் மறுபடி கணக்கிட வேண்டும், அதற்குச் சம்மதம் என்று எழுதினார். தான் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆதிலட்சுமியிடம் நீட்டினார். ஆதிலட்சுமி அந்த வரியை இரண்டு முறை படித்தார். எந்தப் பக்கம் என்ற சொல்லின் மேல் பேனா நின்றது. செந்தாமரையைப் பார்த்தார். போடுங்க மேடம் என்றாள் அவள். போட்டார்.

கல் மந்தாரக்குப்பத்தில் ஓர் அரிசி மண்டியில் இருந்தது. தங்கராசு வேனை எடுத்தார். வழியில் கல்லை மாற்றிவிடக் கூடாது என்று ஒரு நடுவரும், அந்த நடுவரைப் பார்த்துக்கொள்ள வளவனும் ஏறினார்கள். போகும்போதும் வரும்போதும் வளவன் தங்கராசுவிடம் வேனுக்கு எஃப்சி தகுதிச் சான்று இருக்கிறதா, இன்ஷூரன்ஸ் இருக்கிறதா, கண்ணாடிக்கும் சேர்த்துப் போட்டிருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தானாம். ஒன்பது முப்பத்தைந்துக்கு வேன் திரும்பியது. இருபது கிலோக் கல் மூன்று, பத்துக் கிலோ ஒன்று, ஐந்து கிலோ ஒன்று. எல்லாவற்றிலும் அந்த வருட முத்திரை ஈயத்தில் பளிச்சென்று இருந்தது. மதிவாணன் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார்.

தங்கராசுவும் ஒரு மாணவனும் கற்களைத் தூக்கி மேடையில் அடுக்கினார்கள். எழுபத்தைந்து கிலோ. எல்லோரும் திரையைப் பார்த்தார்கள்.

74.400.

முதலில் யாருக்கும் புரியவில்லை. எண் குறைவாக இருந்ததால் வந்த பெண்களில் ஒருத்தி கைகூடத் தட்டிவிட்டாள். பக்கத்திலிருந்தவள் அவள் கையைப் பிடித்தாள். கல்லை இறக்கி மறுபடி ஏற்றச் சொன்னார் மதிவாணன். மூன்று முறையும் அதே எண். தராசு அறுநூறு கிராம் குறைத்துக் காட்டியது. இனி இந்தத் திரையில் 74.400 தான் வரம்பு என்று அவர் தாளின் மேல் எழுதி வட்டம் போட்டார். வளாக அணியில் அறுபத்தெட்டைத் தாண்டியவர் யாரும் இல்லை. வந்த அணியில் மற்ற ஏழு பேருக்கும் சிக்கல் இல்லை. அன்புக்கரசி எண்ணூற்றைம்பது கிராம் கூடுதல். செந்தாமரை இருநூற்றைம்பது.

கொட்டகையில் அன்று பிடித்த தராசும் குறைத்துத்தான் காட்டியது. எடையில் தப்பு என்றால் அது தனக்கு எதிரான தப்பாகத்தான் இருக்கும் என்று பழகியவள், இன்னொரு பக்கமும் இருக்கிறது என்று யோசிக்கவே இல்லை.

கம்பிக்கு வெளியே செய்தி ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவி, கடைசி வரிசைக்குப் போனபோது விசில் கிளம்பியது. “கல்லை வேன் வெச்சுக் கொண்டுவந்து தன் தலையிலயே போட்டுக்கிட்டாளுங்க” என்றான் வளவன். சிவப்பிரகாசம் சிரிக்கவில்லை. அவர் அந்த வெள்ளைத் தாளை மடித்துத் தன் கோப்பில் வைத்துக்கொண்டார்.

ஆட்டம் பத்தே முக்காலுக்கு. பத்தேகாலுக்கு எடைத் தாளை மூடுவேன், அதற்குள் குறைத்துக்கொண்டு வந்தால் சேர்த்துக்கொள்கிறேன் என்றார் மதிவாணன். முப்பத்தைந்து நிமிடம் இருந்தது. வேனின் இருக்கைக்கு அடியிலிருந்து தங்கராசு தன் மழைக் கோட்டை எடுத்துக் கொடுத்தார். செந்தாமரை அதை மாட்டிப் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓட ஆரம்பித்தாள். அன்புக்கரசியும் கூட ஓடினாள். எண்ணூற்றைம்பது கிராம் அரை மணி நேரத்தில் போகாது என்று இருவருக்கும் தெரியும். செந்தாமரையைத் தனியாக ஓடவிட அவளுக்கு மனமில்லை.

வெயில் ஏறியிருந்தது. தூரத்தில் சுரங்க மண்மேடு வெள்ளையாகத் தெரிந்தது. பையன்கள் கம்பியை விட்டு மைதான ஓரத்துக்கு வந்து, ஒவ்வொரு சுற்றுக்கும் எண்ணிக்கை சொன்னார்கள். வேண்டுமென்றே குறைத்துச் சொன்னார்கள். ஒருவன் கரும்புச்சாறு டம்ளரை நீட்டிக்கொண்டு கூடவே பத்தடி ஓடினான். வாயில் ஊறுவதையெல்லாம் செந்தாமரை துப்பிக்கொண்டே ஓடினாள், அதையும் எண்ணினார்கள்.

ஐந்தாவது சுற்றில் அன்புக்கரசி மூச்சு வாங்கியபடி கேட்டாள்.

“அப்போ நம்ம கொட்டா தராசு எம்மாம் தள்ளுதுக்கா?”

செந்தாமரை ஓடிக்கொண்டே கணக்குப் போட்டாள். அன்புக்கரசியின் உண்மையான எடை இன்று காலை எழுபத்தைந்து எண்ணூற்றைம்பது. ராத்திரி பட்டினி. நேற்று கொட்டகையில் காட்டியது எழுபத்து நான்கு தொள்ளாயிரம். ஒரு கிலோவுக்குக் குறையாமல் தள்ளுகிறது. அவளே சண்டை போட்டு வாங்க வைத்த தராசு. அதில் அவள் ஒருமுறைகூடக் கல் வைத்துப் பார்க்கவில்லை.

“ஓடு” என்றாள்.

அடுத்த சுற்றில் அன்புக்கரசி நின்றுவிட்டாள். மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, பையன்கள் சொல்லும் பொய்க் கணக்குக்கு மேல் சத்தமாக உண்மைக் கணக்கைச் சொன்னாள்.

சரிதா மைதானத்தின் மூலையில் முழங்காலுக்குப் பட்டை சுற்றிக்கொண்டிருந்தாள். பட்டை சுற்றாமல் அவளால் இப்போது ஆட முடியாது. செந்தாமரை ஒவ்வொரு சுற்றிலும் அவளைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது. பத்து மணி ஐந்து நிமிடம் இருக்கும்போது, காலில் தசை பிடித்துக்கொண்டு செந்தாமரை அந்த மூலையிலேயே குனிந்து நின்றாள். சரிதா தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

“நாங்க தராசுல ஒண்ணும் பண்ணல” என்றாள்.

“ரூமப் பூட்டினது?”

“அது நாங்கதான்.” சரிதா பட்டையின் கடைசி முனையைச் செருகினாள். “எனக்கு எட்டு மாசம் போச்சு. உனக்கு ஒரு நாள்தானே.”

செந்தாமரைக்கு அந்த ஒரு நாளைப் பற்றிச் சொல்ல நிறைய இருந்தது. சொல்ல மூச்சு இல்லை. பிடித்த காலைத் தரையில் இரண்டு முறை உதைத்துவிட்டு ஓடினாள்.

பத்துப் பன்னிரண்டுக்குத் தாழ்வாரத்துக்கு வந்தாள். மழைக் கோட்டைக் கழற்றியபோது உள்ளே தேங்கியிருந்த வியர்வை தரையில் கொட்டியது. ஆதிலட்சுமி துண்டால் அவள் கைகால்களையும் கழுத்தையும் துடைத்தார். காதிலிருந்த கம்மலையும் தலையிலிருந்த ரப்பர் பேண்டையும் எடுத்துக்கொண்டார். தராசில் ஏறினாள். எண் மேலும் கீழும் அலைந்து நின்றது.

74.450.

அந்தத் தராசு ஐம்பது ஐம்பது கிராமாகத்தான் காட்டும். ஒரே ஒரு படி. இறங்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு மறுபடி ஏறினாள். 74.450. தராசை நகர்த்தி வைத்துப் பாருங்கள் என்று ஆதிலட்சுமி கேட்டார். நகர்த்தி வைத்தார்கள். சிவப்பிரகாசமே ஒரு பக்கம் பிடித்து நகர்த்தினார். 74.450.

முடியை வெட்டச் சொல்லி வெளியே கத்தினார்கள். அவளுக்கு முதுகு முழுக்கப் பின்னல் இருந்தது. வெட்டுங்க மேடம் என்று செந்தாமரையும் சொன்னாள். வளாகத்தின் முதலுதவிப் பெட்டியைத் திறந்தார்கள். பஞ்சும் காலியான ஸ்ப்ரே டப்பாவும் இருந்தன. கத்தரிக்கோல் இல்லை. அலுவலகத்தில் இருக்கும் என்றார் சிவப்பிரகாசம். சனிக்கிழமை அலுவலகம் பத்தரைக்குத்தான் திறப்பார்கள். தங்கராசு வேனில் பிளேடு தேடப் போனார்.

மதிவாணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்துப் பதினாறு. ஒரு நிமிடம் அதிகமாகவே காத்திருந்துவிட்டதாகச் சொல்லி, இரண்டு பெயர்களின் மேலும் கோடு போட்டுத் தாளில் கையெழுத்திட்டார். தங்கராசு பிளேடோடு வந்தபோது தராசின் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

அரையிறுதி குறித்த நேரத்தில் தொடங்கியது. அரசுக் கல்லூரி ஏழு பேரோடு, மாற்று ஆட்டக்காரர் இல்லாமல் இறங்கியது. செந்தாமரையும் அன்புக்கரசியும் கோட்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அடுத்தடுத்து மூன்று முறை ஆல் அவுட். நாற்பத்து மூன்றுக்குப் பதினேழு என்று வளாக அணி வென்றது. பதினேழில் ஒன்பது புள்ளி எழில்மதி எடுத்தது.

பல்கலைக்கழக அணியின் பட்டியல் அடுத்த புதன்கிழமை வெளியானது. பன்னிரண்டு பேரில் ஐந்து பேர் வளாக அணியினர், சரிதா தலைவி. காத்திருப்போர் பட்டியலில் இரண்டாவதாக எழில்மதியின் பெயர் இருந்தது. செந்தாமரையின் பெயர் இரண்டிலும் இல்லை.